சேர்கிற பக்கம்

கூழாங்கல்மேட்டு எஸ்டேட்டின் கீழ் லைனில், தொழிலாளர் வரிசை வீடுகளில், குளிர் இறங்கியதும் இரண்டிரண்டு பேர் ஒருவராகிவிடுவதும், பங்குனி வெயிலில் அந்த ஒருவர் மறுபடி இருவராகப் பிரிவதும் தொடங்கி அது மூன்றாவது வருடம், ஆகவே யாரும் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை, பேசினாலும் கம்பளியைப் பூச்சி அரித்துவிட்டதைச் சொல்கிற குரலில்தான் பேசினார்கள். முதல் வருடம் கொஞ்சம் கலவரம் இருந்தது. காலையில் பேர் கூப்பிடுகிற மஸ்டருக்கு ஆள் குறைகிறது என்று கங்காணி சத்தம் போட்டார், மாரியம்மன் கோயில் பூசாரியையும் சர்ச் பாதிரியாரையும் ஒரே ஜீப்பில் அழைத்து வந்து தண்ணீர் தெளித்தார்கள், டவுனிலிருந்து வந்த ஒரு டாக்டர் ஒரே மார்பில் இரண்டு துடிப்பைக் கேட்டு, குழாயைக் காதிலிருந்து எடுத்துத் துடைத்து, மறுபடி வைத்துக் கேட்டு, இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு தேயிலைக் கொழுந்து முளைத்துக்கொண்டே இருந்தது, பறிக்க வேண்டியிருந்தது, மற்றதை யோசிக்க நேரம் இல்லை.

யார் யாரோடு சேர்வது என்பதற்கு முறை எதுவும் கிடையாது. குளிர் கடிக்கிற நேரத்தில் யார் பக்கத்தில் யார் நிற்கிறாரோ அவ்வளவுதான். ஒரு மாமியாரும் மருமகளும் தண்ணீர்க் குழாயடியில் சேர்ந்துபோய், தை மாதம் முழுக்க ஒரே வாயால் திட்டி ஒரே வாயால் பதில் சொன்னார்கள். வேறு வேறு தொழிற்சங்கத்தைச் சேர்ந்த இரண்டு பேர் டீக்கடை பெஞ்சில் சேர்ந்து, இரண்டு கூட்டத்துக்கும் போய் இரண்டிலும் கை தட்டினார்கள். உடம்பு ஒன்றானாலும் கனம் குறையவில்லை, இரண்டு பேரின் கனமும் அதே இரண்டு கால்களில் இறங்கியது, அதனால் ஓடைப் பாலத்தின் பலகைகள் முறிந்து இரும்புத் தகடு போட வேண்டியதாயிற்று, கயிற்றுக் கட்டில்கள் தரையைத் தொட்டன. பசியும் இரண்டு பேருக்கானது. நிறம் மட்டும் போய்விடும். சேர்ந்தவர்கள் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெளுத்துப்போவார்கள், தூரத்திலிருந்து பார்த்தால் மார்கழியில் லைன் முழுவதும் பனியில் கரைந்த மாதிரி இருக்கும், பங்குனி வெயில் ஏற ஏறத்தான் பழுப்பும் கறுப்புமாக ஆட்கள் திரும்பி வருவார்கள். சேர்கிற நொடியில் அவர்களிடமிருந்து ஒரு சூடு எழும். பக்கத்து வீட்டுக்காரர்கள் அதில் கை காய்ச்சிக்கொள்வார்கள்.

எப்படிக் கூப்பிடுவது என்பதில் யாருக்கும் சிரமம் இருக்கவில்லை. 'நீங்க' என்றால் ஒருவருக்கு மரியாதை, இருவருக்கும் பொருந்தும், அந்தச் சொல் முன்பே இருந்தது. சேர்ந்தவர்கள் தங்களை 'நாங்க' என்றார்கள். 'நாம' என்று சொல்லத்தான் வழியில்லாமல் போயிற்று, அதைச் சொல்லிக்கொள்ள எதிரே ஆள் வேண்டும்.

பதினோராம் நம்பர் வீட்டுப் பேச்சிமுத்து ஃபேக்டரியில் தேயிலைத் தூள் சலிக்கிற அறையில் வேலை பார்த்தவர். இருபது வருடத் தூளும் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இந்தக் குளிரைத் தாண்ட மாட்டார் என்று டிஸ்பென்சரியில் அவர் மனைவி சந்தனமாரியைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்கள். அவள் வீட்டுக்கு வந்து, அவருக்கு ஸ்வெட்டரைத் தலை வழியாக மாட்டிவிட்டு, கையை இழுத்து விட்டுக்கொண்டிருந்தபோது பனி வாசல்படி ஏறி உள்ளே வந்தது. ஸ்வெட்டர் கையிலிருந்து வெளியே வந்தது அவளுடைய கைதான். இரண்டு பேரும் ஒன்றாகிவிட்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து பேச்சிமுத்து அவளுடைய நெஞ்சால் மூச்சு விட்டார். இரண்டு பேரின் கனத்தையும் தூக்கிக்கொண்டு அவள் மேட்டுக் காட்டுக்கு ஏறினாள், அவருடைய இருமல் அவள் தொண்டையில் வந்தது, பீடிக்கான ஏக்கம் அவள் நாக்கில் ஊறியது, புரண்டு படுக்க வேண்டுமென்றால் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அது தோன்ற வேண்டியிருந்தது. கூடையை இறக்கி வைத்துவிட்டுச் செடிக்கு நடுவில் நிற்கும்போது, தனக்கென்று ஒரு மூச்சு முழுதாக இழுத்து எத்தனை காலமாயிற்று என்று நினைப்பாள், நினைத்தது அவருக்கும் தெரியும் என்பதால் பாதியில் நிறுத்திக்கொள்வாள். ஆனாலும் கார்த்திகை போய், மார்கழி போய், தை போய், மாசியிலும் பேச்சிமுத்து இருந்தார்.

மாசிக் கடைசியில் முதல் வெயில் அடித்த அன்று அவர்கள் ஜெபக்கனி மிஸ்ஸின் வீட்டுக்குப் போனார்கள். ஜெபக்கனி எஸ்டேட் மேல்நிலைப் பள்ளியில் கெமிஸ்ட்ரி எடுப்பவள், லைனின் கடைசி வீட்டில் தனியாக இருந்தாள். போன வருடம் பால்காரரோடு சேர்ந்துபோய், காலையில் பால் ஊற்றி, அப்புறம் வகுப்புக்குப் போய், சாயங்காலம் மறுபடி பால் ஊற்றினவள், அதைப் பற்றி இன்றுவரை யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளிடம்தான் எல்லாரும் கேட்டுப் போவார்கள். பள்ளிக்கூடத்தில் இரண்டு முனையும் உருக்கி மூடிய கண்ணாடிக் குழாய் ஒன்று வைத்திருந்தாள், உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு வாயு. ஐஸில் வைத்தால் இரண்டிரண்டு துகளாகச் சேர்ந்து வெளுக்கும், வெந்நீரில் வைத்தால் பிரிந்து பழுப்பாகும். முதல் வருடமே அதைக் கொண்டுவந்து காட்டியிருந்தாள். பார்த்தவர்கள், இது நம்ம லைன்தானே என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்கள்.

"நாங்க பிரியாம இருக்கணும் மிஸ்," என்று சந்தனமாரியின் குரல் சொன்னது. "என்ன செய்யணும்?"

ஜெபக்கனி விடைத்தாள் கட்டை ஓரமாக நகர்த்தினாள். "குளிர் இருந்தா சேர்ந்திருக்கும். வெயில் வந்தா பிரியற பக்கம் போகும். குளிரை நான் எங்கேருந்து கொண்டு வர?"

"வேற வழி?"

"நெருக்கலாம். இடம் சின்னதாகி நெருக்கம் கூடினா, எண்ணிக்கை குறையற பக்கமாப் போகும். ரெண்டு ஒண்ணாகற பக்கம்."

"நெருக்கறதுன்னா கூட்டமா?"

"அப்படித்தான் வச்சுக்கங்க."

"இந்த லைன்ல கூட்டத்துக்கு என்ன குறைச்சல்."

"அவசரப்படாதீங்க. நீங்க ஒண்ணு செஞ்சா இந்தச் சேர்றது பிரியறது சும்மா இருக்காது. செஞ்சதைக் கொஞ்சமாவது இல்லாம ஆக்கத்தான் பாக்கும். முழுசா முடியாது, ஆனா பாக்கும்."

"எங்கம்மா மாதிரி," என்றது பேச்சிமுத்துவின் குரல்.

"செத்தவங்கள ஏன் இழுக்கிறீங்க," என்று அதே வாய் சொல்லிவிட்டு, அதே வாயால் சிரித்து, இருமியது. ஜெபக்கனி தண்ணீர் கொடுத்தாள். ஒரே தம்ளரை இரண்டு பேரும் குடித்து முடிக்க நேரமானது.

பங்குனி முதல் ஞாயிற்றுக்கிழமை கீழ் லைன் முழுவதும் பதினோராம் நம்பர் வீட்டுக்கு வந்தது. யாரும் யாரையும் அழைக்கவில்லை, சந்தனமாரி இரண்டு வீட்டில் சொன்னாள், மற்ற வீடுகள் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டன. வாரம் முழுக்கக் கொழுந்து சுமந்த தோள்களோடு, ஒரு நாள் படுக்கலாம் என்றிருந்தவர்கள், படுக்கையிலிருந்து எழுந்து வந்து பத்துக்குப் பத்து அறையில் சுவரோடு சுவராக உட்கார்ந்தார்கள், உட்கார இடம் இல்லாதவர்கள் நின்றார்கள், நிற்க இடம் இல்லாதவர்கள் அடுப்பு மேடையில் ஏறிக்கொண்டார்கள். துணி காயப்போடும் கொடி விஷயமாகச் சந்தனமாரியோடு நாலு வருடமாகப் பேச்சில்லாத பக்கத்து வீட்டு அந்தோணியம்மாளும் வந்தாள். வராமல் இருந்தால் அதுவே பேச்சாகிவிடும் என்று வந்தாள், இடம் கிடைத்தது பேச்சிமுத்துவும் சந்தனமாரியுமாக இருந்த அந்த உடம்பின் பக்கத்தில், எனவே முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். புதிதாக வேலைக்கு வந்திருந்த ஜார்க்கண்ட் பெண்களும் வந்தார்கள். அவர்களுக்கு இது ஒட்டுவதில்லை, எந்தக் குளிரிலும் தனித்தனியாகவே இருந்தார்கள், ஆனாலும் வந்து ஒரு மூலையில் ஒடுங்கி, தங்கள் பாஷையில் மெதுவாக என்னவோ பாடிக்கொண்டிருந்தார்கள்.

கதவைச் சாத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் நெருக்கம் வேலை செய்தது. மூலைக்கு மூலை ஆட்கள் சேர்ந்தார்கள், அண்ணனும் தம்பியும், கங்காணியும் அவரிடம் தினமும் ஏச்சு வாங்குகிற கருப்பாயியும், முன்பின் பேசிக்கொள்ளாதவர்களும் சேர்ந்து வெளுத்தார்கள், சேரச் சேரத் தலைகள் குறைந்து அறையில் இடம் விழுந்தது, அடுப்பு மேடையிலிருந்து ஆட்கள் இறங்கிக் கால் நீட்டினார்கள், நெருக்கம் தளர்ந்தது. ஒவ்வொரு ஜோடி சேரும்போதும் ஒரு சூடு எழுந்தது, அந்தச் சூடு ஓட்டுக்குக் கீழே தங்கி, வியர்வையாகச் சுவரில் வழிந்து, சேர்ந்தவர்களில் சிலரைப் பிரித்தது, பிரிந்தவர்கள் பக்கத்தில் இருந்தவரோடு மறுபடி சேர்ந்தார்கள், மறுபடி சூடு எழுந்தது. யாரோ புழுக்கம் தாங்காமல் கதவைத் திறந்தபோது சந்தனமாரி தனியாகச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

முதலில் அவளுக்குத் தெரிந்தது மூச்சுதான். தடையில்லாமல் உள்ளே போய், அடி வரைக்கும் இறங்கி, முழுவதும் தனக்கே ஆகித் திரும்பி வந்தது. தோள் இலேசாக இருந்தது. அந்தச் சுகத்தை ஒரு தடவை, இன்னொரு தடவை அனுபவித்த பிறகுதான் பேச்சிமுத்து என்ன ஆனார் என்ற நினைப்பு வந்தது, பிந்தி வந்ததற்காக அவளுக்குக் கூச்சமாக இருந்தது. தேடினாள். அந்தோணியம்மாள் உட்கார்ந்திருந்த இடத்தில் வெளுத்துப்போன ஓர் உடம்பு, அந்தோணியம்மாளின் மூக்குத்தியோடு, பேச்சிமுத்துவின் இருமலை இருமியது.

"மைனி," என்று அந்தோணியம்மாளின் குரல், நாலு வருடத்துக்குப் பிறகு, அவளைக் கூப்பிட்டது. "வீட்டுல பீடி இருக்கா?"

யாரோ சிரித்தார்கள். சந்தனமாரி கதவோரம் நின்ற ஜெபக்கனியிடம் போனாள்.

"என்ன மிஸ், நெருக்கினா பிரியாதுன்னீங்களே."

"ஜோடி இருக்கும்னு சொன்னேன். இந்த ஜோடின்னு சொல்லலையே." ஜெபக்கனி முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள், அவளும் இரண்டு முறை சேர்ந்து பிரிந்திருந்தாள், யாரோடு என்று கேட்டால் சொல்லியிருக்க மாட்டாள். "வெளிய பாத்தா அசையாம இருக்கற மாதிரி இருக்கும் சந்தனமாரி. உள்ள பிரிஞ்சுக்கிட்டும் சேந்துக்கிட்டும்தான் இருக்கும். வருஷா வருஷம் போர்டுல எழுதிப் போடறேன். எனக்கே தோணல."

"சித்திரை வெயில்ல?"

"குறையும். ஒண்ணுமே இல்லாம ஆகாது. எவ்வளவு வெயில் அடிச்சாலும் ஒரு ஜோடியாவது எங்கயாவது இருக்கும்."

"எவ்வளவு நாளைக்கு?"

"எந்தப் பக்கம்னு கேட்டா சொல்லுவேன். எவ்வளவு, எப்போன்னு கேட்டா எங்கிட்டப் பதில் இல்ல."

"இந்த வடக்கத்திப் பிள்ளைங்க இவ்வளவு நேரம் உக்காந்தாங்களே."

"அவங்க சேர மாட்டாங்க. அவங்க வந்தாலும் போனாலும் ஒண்ணுதான், கணக்குல வராது."

"உக்காந்தாங்கல்ல மிஸ்," என்றாள் சந்தனமாரி. "அது வராதா?"

ஜெபக்கனி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த மூலையைப் பார்த்தாள்.

இப்படித்தான் கீழ் லைனில் தோள் கொடுக்கும் வழக்கம் வந்தது. தவறுதலாகக் கிடைத்த வழி அது. பேச்சிமுத்து யாரோடு சேர்ந்தாலும் அவருக்கு மூச்சு உண்டு, ஆகவே எப்போதும் யாராவது ஒருவர் அவரோடு தோளைத் தோள் ஒட்டி உட்கார்ந்திருக்க வேண்டும், ஒருவர் பிரிந்து நழுவி விழுந்தால் அடுத்தவர் ஒட்டிக்கொள்ள வேண்டும். காலையில் மஸ்டருக்கு முன்பு ஒருவர், கொழுந்து நிறுத்துவிட்டு வந்ததும் ஒருவர், விளக்கு வைக்கிற நேரத்தில் ஒருவர். "இன்னிக்கு யார் தோள்?" என்று குழாயடியில் கேட்டுக்கொண்டார்கள், "எனக்கு மத்தியானத் தோள், உளுந்த நீ அரைச்சுடு" என்று வீடுகளுக்குள் சொல்லிக்கொண்டார்கள். தோள் கொடுத்துத் திரும்புகிறவர்கள் தேயிலைத் தூளின் கசப்பை நாக்கில் கொண்டுபோனார்கள், இரண்டு நாள் இருமினார்கள், பேச்சிமுத்துவின் பழைய நினைவுகளில் ஏதாவது ஒன்றையும் கொண்டுபோனார்கள். கங்காணிக்குப் பேச்சிமுத்துவின் கல்யாணத்துக்கு வந்த நாதஸ்வரம் கேட்டது. கருப்பாயிக்கு, தான் ஒருபோதும் பார்த்திராத ஒரு கடற்கரை ஊரின் மீன் வாசனை வந்து, அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஜார்க்கண்ட் பெண்கள் தங்கள் முறைக்கு வந்து, ஒட்டாத தோளை ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அந்த நேரங்களில் நிஜத் தோள் ஒன்று மறுபக்கம் இருக்கும்படி சந்தனமாரி பார்த்துக்கொண்டாள், வர வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

சித்திரையில் செடியின் இலை நுனிகள் கருகின. லைனில் எல்லாரும் பிரிந்து, நிறம் திரும்பி, அவரவர் கை அவரவருக்கு ஆகியிருந்தது, பதினோராம் நம்பர் வீட்டில் மட்டும் சேர்வதும் விழுவதுமாக இருந்தது. சேர்ந்தது நிற்கவில்லை. ஈரக் கையில் பிடித்த சோப்பு மாதிரி நழுவி விழுந்தார்கள், விழுந்தவர் எழுந்து உட்கார்வதற்குள் அடுத்தவர் சாய்ந்தார், இடையில் பேச்சிமுத்து தன் சொந்த நெஞ்சால் நாலைந்து மூச்சு இழுக்க வேண்டி வந்தது, அந்த நாலைந்து மூச்சின் சத்தம் வரிசை வீடுகளின் ஓடுகளுக்குக் கீழே நடந்துபோய்க் கடைசி வீடு வரை கேட்டது. முதலில் அடுத்து ஒட்ட ஒருவர் காத்திருந்தால் போதுமாக இருந்தது, பிறகு மூன்று பேர் காத்திருக்க வேண்டியதாயிற்று. சிலர் வரவில்லை. வராதவர்களைச் சந்தனமாரி ஒன்றும் சொல்லவில்லை, வந்தவர்களுக்குக் கஞ்சி காய்ச்சினாள், அவர்கள் நழுவிய போதெல்லாம் தன் தோளைக் கொடுத்தாள், அவர் தன்னிடமிருந்து பிரிந்ததும் எழுந்து அடுப்பைப் பார்த்தாள், மற்ற நேரம் கொழுந்து பறித்தாள். நடந்துகொண்டே தூங்கினாள். ஒரு நாள் மத்தியானம் கூடையோடு செடிக்குள் விழுந்து கிடந்தவளை அந்தோணியம்மாள் தூக்கி உட்கார வைத்தாள்.

"மைனி, இப்படியே போனா ரெண்டு பேரும் போயிருவீங்க."

"வைகாசி முடிஞ்சா மழை வந்துரும்."

"வரும்தான். வந்தா மறுபடி குளிருமே. மறுபடி நீங்க ரெண்டு பேரும் ஒண்ணு. அப்புறம் அடுத்த பங்குனி."

சந்தனமாரி கூடையைத் தலைப்பட்டியில் மாட்டிக்கொண்டாள். "அதெல்லாம் இப்ப சொல்லாத அந்தோணி," என்றாள்.

மழை வந்தது. மேற்கே மலைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சாயங்காலம் ஏறி வந்து, ஓட்டின் மேல் விழுந்து, நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது, காற்றில் குளிர் திரும்பியது. தோள் கொடுத்தவர்கள் இனி தங்கள் வேலை முடிந்தது என்று சொல்லிக்கொள்ளாமலே வீடுகளுக்குப் போய்ப் படுத்தார்கள். இனிமேல் பேச்சிமுத்து சந்தனமாரியோடு சேர்வார், சேர்ந்தால் பங்குனி வரை நிற்கும், அதுதானே நியாயம் என்று எல்லாருக்கும் தோன்றியது. மறுநாள் காலைத் தோளுக்கு வந்திருந்த அந்தோணியம்மாள் ஒட்டாமலே எழுந்திருக்கப் பார்த்தபோது சந்தனமாரி அவள் கையைப் பிடித்தாள்.

"இன்னிக்கு ஒரு நாள் நீ இரு. நான் உன் வீட்டுல போய்ப் படுத்துக்கறேன். தனியாத் தூங்கி எந்திரிச்சு வந்துடறேன்."

சொல்லும்போது அவள் பேச்சிமுத்துவைப் பார்க்கவில்லை. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தோணியம்மாளின் பாயில் அவள் குறுக்காகப் படுத்தாள். இரண்டு கையையும் விரித்து, காலை அகட்டி, ஒருவருக்கும் இடம் விடாமல் படுத்தாள். மழைச் சத்தத்தில் கொஞ்ச நேரம் தன் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் தூங்கிப்போனாள், கனவு எதுவும் வரவில்லை.

மத்தியானத்தில் மழை விட்டு ஒரு வெயில் அடித்தது. அந்தோணியம்மாள் ஓடிவந்து அவளை உலுக்கினாள்.

"மைனி, அவரைக் காணோம். வெயில் வந்ததும் நழுவி விழுந்தோம். நான் தண்ணி குடிச்சுட்டு வந்து ஒட்டிக்கலாம்னு அடுப்படிக்குப் போனேன். வந்து பாத்தா குடையும் இல்ல, ஆளும் இல்ல."

லைனிலிருந்து இறங்குகிற பாதை ஒன்றுதான், அது பஸ் ரோட்டில் போய் முடியும். ரோட்டோரத்தில் தகரக் கூரை போட்ட நிழற்குடை, அங்கே பொள்ளாச்சி பஸ் நிற்கும். கீழே சமவெளியில் எப்போதும் வெயில், அங்கே யாரும் யாரோடும் ஒட்டுவதில்லை. போனால் அவர் நெஞ்சு அவருக்கு மட்டும்தான். அவர் எதற்கு அந்தப் பக்கம் போகிறார் என்பது சந்தனமாரிக்கு யாரும் சொல்லாமல் தெரிந்தது, அவரோடு ஒரே உடம்பில் இருந்தவள்.

அவள் இறங்கிப் போனபோது அவர் நிழற்குடையின் சிமென்ட் பெஞ்சில், முட்டியில் கையூன்றி, குனிந்து உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு மூச்சும் கதவைத் தள்ளித் திறக்கிற மாதிரி வந்தது. அவள் பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்தார்கள்.

"ஒரு நாள் தூங்கறேன்னு சொன்னா கிளம்பிடறதா?" என்றாள்.

அவர் இரண்டு மூச்சை இழுத்துச் சேர்த்துக்கொண்டார். "ஜன்னல் வழியாப் பாத்தேன். நீ தூங்கினத."

"அதுக்கு?"

"அப்பிடிக் கைய விரிச்சு... நீ தூங்கி... நான் பாத்ததே இல்ல."

"மழைக்குச் சுகமா இருந்துச்சு. தூங்கினேன்."

"என்னை விட்டுரு சந்தனம். எல்லாரையும்... இருமவிட்டு..."

"அவங்க இருமினா இருமட்டும். நீங்க பேசாதீங்க, மூச்சு வாங்குது."

"உனக்கு அலுக்கலையா?"

அவள் செருப்பில் ஒட்டியிருந்த சேற்றைப் பெஞ்சின் காலில் தேய்த்தாள். "அலுக்காம? கை வலிக்குது. முதுகு வலிக்குது. பீடி நாத்தம் வாயவிட்டுப் போகமாட்டேங்குது. அன்னிக்குக் கூட்டத்துல பிரிஞ்சப்ப என்ன நெனச்சேன் தெரியுமா? முதல்ல நீங்க ஞாபகத்துக்கு வரல. மூச்சுதான் வந்துச்சு. அப்புறம்தான் நீங்க."

"தெரியும்," என்றார் பேச்சிமுத்து. "தை மாசத்துலயே தெரியும்."

"தெரிஞ்சும் இவ்வளவு நாள் இருந்தீங்கல்ல?"

"இருந்தேன்."

"அப்ப இப்ப மட்டும் என்ன."

பஸ் வளைவில் ஹாரன் அடித்து வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி அவர்களைப் பார்த்தார், கீழ் லைன் ஆட்களை அவருக்குத் தெரியும். மலைக்கு அந்தப் பக்கமிருந்து மேகம் மறுபடி இறங்கிக்கொண்டிருந்தது, தேயிலைச் சரிவு பாதி மறைந்துவிட்டது, காற்று சட்டைக்குள் புகுந்தது.

"ஏறறீங்களா இல்லையா? ரெண்டு பேரா, ஒரு ஆளா?"

பேச்சிமுத்து எழுந்திருக்கக் கையை ஊன்றினார். சந்தனமாரி அவர் பக்கமாக நகர்ந்து, இடையில் விட்டிருந்த இடத்தில் உட்கார்ந்தாள், தோள் தோளில் பட்டது. அவர் எழுந்திருக்கவில்லை.

"நீங்க போங்கண்ணே," என்றாள் கண்டக்டரிடம்.

விசில் ஊதினார். பஸ் நகர்ந்தபோது பனி ரோட்டைக் கடந்து நிழற்குடைக்குள் போனது. வளைவு திரும்புமுன் கண்டக்டர் பின்பக்கக் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தார். பெஞ்சிலிருந்து வெளுத்த ஒரு ஆள், முட்டியைப் பிடித்து மெதுவாக எழுந்து, சார்த்தி வைத்திருந்த குடையை எடுத்துக்கொண்டு, லைன் பாதையில் நாலடி ஏறி நின்று மூச்சு வாங்கி, மறுபடி நாலடி ஏறிக்கொண்டிருந்தது.